கூதிரில் நட்டால் இளவேனிலில் பூக்கும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே வீட்டுத்தோட்டத்தைப் பற்றி ஒருவர் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் வியக்கக்கூடும். விவசாய நிகழ்ச்சிக்கு உரிய பொருளல்லவா இது என்று கேட்போரும் இருப்பர். ஆனால், தமிழிலக்கியத்திலே பூவை விட்டுவிட்டுக் காதலையும் பாட முடியாது. போரையும் பாட முடியாது. வெட்சி என்றால் பூவும் ஆகும், போர் ஒழுக்கமும் ஆகும். முல்லை என்றால் கொடியும் ஆகும், காத்திருத்தலும் ஆகும். ஆகவே, எந்தப் பூவை எந்த மண்ணிலே எந்தக் காலத்திலே நடுவது என்ற கேள்வி இலக்கிய மாணவனுக்குப் புறம்பான கேள்வி அன்று.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், குளிர்நாடுகளில் மக்கள் தங்கள் வீட்டுத்தோட்டத்திலே நடுகின்ற வசந்தகாலக் கிழங்குப் பூக்கள் பற்றியது. ரியூலிப், டஃபடில், குரோக்கஸ் என்றெல்லாம் பெயர் சொல்லப்படுபவை அவை. அவற்றுள் எவற்றைத் தெரிந்தெடுப்பது, ஏன் தெரிந்தெடுப்பது என்பதே பேச்சு. அவை நமது நாட்டுப் பூக்கள் அல்ல. ஆயினும் நமது உறவுகள் இன்று வாழும் நாடுகளின் பூக்கள். கனடாவிலோ, இங்கிலாந்திலோ, நோர்வேயிலோ ஒரு சகோதரமாவது இல்லாத வீடு எங்கள் ஊரிலே குறைவு. அங்கே அவர்கள் வாங்கிய வீட்டின் முன்னாலே நாலு சாண் நிலம் இருக்கிறது. அந்த நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்கு இருக்கிறது.

அகத்திணை இலக்கணம் சொல்ல வந்த தொல்காப்பியர் பொருளை மூன்றாக வகுத்தார். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்பன அவை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியன கருப்பொருள். பூவையும் உரையாசிரியர்கள் அதனுள் அடக்குவர். மனித உணர்வின் ஒழுக்கம் உரிப்பொருள். வகுப்பறையிலே இதைப் படிப்பிக்கும்போது மாணவர் இதனை ஒரு பட்டியலாக மனனம் செய்துவிடுகிறார்கள். இதற்குள்ளே ஒரு வரிசை இருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. நிலமும் பொழுதும் முதலில் நிற்கின்றன. பூ அதன் பின்னரே வருகிறது. தோட்டக்காரனுக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை கிடையாது. கடையிலே தொங்குகின்ற வண்ணப்படத்தைப் பார்த்துவிட்டுப் பூவைத் தெரிந்தெடுப்பவன் கருப்பொருளிலிருந்து தொடங்குகிறான். மண்ணையும் வெயிலையும் மாதத்தையும் பார்த்துவிட்டுத் தெரிந்தெடுப்பவன் முதற்பொருளிலிருந்து தொடங்குகிறான்.

பொழுதை முதலில் நோக்குவோம். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். ஆவணியும் புரட்டாதியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இப்போது கனடாவின் ரொறன்ரோ நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வசந்தப் பூக்களின் கிழங்கை மண்ணில் வைக்கும் காலம் ஒக்ரோபர் தொடக்கம் நவம்பர் நடுப்பகுதி வரை. அதாவது பெரும்பாலும் ஐப்பசி. அவை பெருவாரியாகப் பூக்கும் காலம் ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும். அதாவது சித்திரையும் வைகாசியின் முற்பகுதியும். கூதிரிலே நட்டு, முன்பனியையும் பின்பனியையும் மண்ணுக்குள்ளே கழித்து, இளவேனிலிலே பூக்கின்றன. நமது பழைய பொழுதுப் பகுப்பு எங்கோ இருக்கின்ற ஒரு நாட்டின் தோட்டத்துக்கு இவ்வளவு பொருந்தி வருவது எனக்கு இன்றுவரை வியப்பாகவே இருக்கிறது.

இனி, அந்தக் கிழங்கு என்பது என்ன? நேயர்களே, உங்கள் வீட்டு அடுக்களையிலே ஒரு வெங்காயத்தை எடுத்து நெடுக்காக இரண்டாக வெட்டிப் பாருங்கள். அடியிலே தட்டையாக ஒரு சிறு தட்டு. அதுதான் தண்டு. அதன்மேலே ஒன்றையொன்று பொதிந்து நிற்கின்ற தடித்த இதழ்கள் எல்லாம் இலைகள். அவை உணவைச் சேமித்து வைத்திருக்கின்றன. நடுவிலே இளங்குருத்து. இதனைக் குமிழ் என்று பாடசாலை விஞ்ஞான நூல்கள் கூறும். ரியூலிப்பும், டஃபடிலும், ஹையசிந்தும் இதே அமைப்பு உடையவை. குரோக்கஸ் சற்று வேறுபட்டது. அதிலே தண்டே தடித்து உணவைச் சேமிக்கிறது. பேச்சு வழக்கிலே நாம் எல்லாவற்றையும் கிழங்கு என்றே சொல்லிக்கொள்வோம்.

ரியூலிப் கிழங்கிலே ஒரு புதுமை உண்டு. ஒக்ரோபரிலே கடையில் வாங்கும்போதே அதற்குள்ளே அடுத்த வசந்தத்தின் பூ உருவாகி இருக்கிறது. கோடையிலே கிழங்கு ஓய்வாகக் கிடந்த நாட்களில், இதழும் மகரந்தமும் சூலகமும் மிகச் சிறிய அளவிலே அங்கே அமைந்துவிடுகின்றன. ஆயினும் பூ உள்ளே இருப்பதனால் மட்டும் அது வெளியே வந்துவிடாது. ஏறத்தாழ 9 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரிலே, 12 தொடக்கம் 16 கிழமைகள் வரை அந்தக் கிழங்கு இருந்தாக வேண்டும். அந்தக் குளிர்தான் தண்டை நீளச் செய்கின்ற மாற்றங்களை உள்ளே தூண்டுகிறது. குளிர் போதாவிட்டால் இலை மட்டும் வரும். அல்லது பூ குட்டையாகக் கழுத்துக்குள்ளேயே கருகிவிடும். எமது நுவரெலியாவின் குளிர்கூட இதற்குப் போதாது. அங்கே சில இரவுகள் நன்றாகக் குளிரும். ஆனால் கிழமைக் கணக்காகப் பகலும் இரவும் தொடர்ந்து நிற்கின்ற குளிர் அங்கே இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே விடுமுறை பெற்று ஸ்காபரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவும் அங்கேதான். 2010ஆம் ஆண்டு போனவர். அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. எங்கள் அம்மா செம்மண் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வெங்காயமும் புகையிலையும் வைத்துத்தான் எங்களைப் படிப்பித்தார். அப்படிப்பட்டவர் ஒன்பது வருடமாக அந்த வளவிலே ஒரு கத்தரிக் கன்றுகூட ஊன்றவில்லை என்று அக்கா சொன்னார். கேட்டால், "இருக்கப்போற மண்ணிலதான் நடுறது. நான் போகப்போறனான்" என்பாராம். பனிக்காலம் முழுவதும் யன்னலோரக் கதிரையிலே இருந்தபடி வெறும் புற்றரையைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அந்த யன்னலுக்கு நேரே ஏதாவது பூக்கச் செய்ய வேண்டும் என்பது அக்காவின் விருப்பம். "தம்பி, நீ ஊரிலயும் பூக்கண்டு வைக்கிறனி. எது நல்லதெண்டு பார்த்துச் சொல்லு" என்றார்.

கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். மரப்பெட்டிகளிலே கிழங்குகளை வகை வகையாகக் குவித்து வைத்திருந்தார்கள். அக்கா படங்களைப் பார்த்தார். நான் பெட்டியில் எழுதியிருந்தவற்றை வாசித்தேன். அம்மா எதையும் பார்க்கவில்லை; ஒரு ரியூலிப் கிழங்கைக் கையிலே எடுத்தார். "இதென்ன, வெங்காயமெல்லே!" என்றார். பெருவிரலால் அதன் அடியை அமத்திப் பார்த்தார். கையிலே தூக்கிப் பாரம் பார்த்தார். பிறகு விதை வெங்காயம் தெரிவதைப் போலவே தெரியத் தொடங்கிவிட்டார். "இது சூம்பிப் போச்சு. இது பாரமில்லை, உள்ளுக்கு ஒண்டுமில்லை. இதில பூஞ்சணம். இந்தா, இது நல்லது."

நேயர்களே, நல்ல கிழங்கைத் தெரியும் முறை இதுதான். இதற்கு மேல் எந்த நூலும் சொல்லவில்லை. அமத்தினால் கல்லுப் போல இருக்க வேண்டும். அளவுக்கேற்ற பாரம் இருக்க வேண்டும். அடித்தட்டிலே பூஞ்சணமோ மென்மையோ இருக்கக்கூடாது. வெளித்தோல் உரிந்திருந்தால் பாதகமில்லை. ஒரே இனத்திலே பெரிய கிழங்கு பெரிய பூவைத் தரும். ரியூலிப்பைச் சுற்றளவு கொண்டு தரம் பிரிக்கிறார்கள். 12 சென்ரிமீற்றரும் அதற்கு மேற்பட்டதும் முதற்தரம்.

வீட்டுக்கு வந்து கிழங்குகளை மேசையிலே பரப்பியபோது அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, இதைப் பிறகு கிண்டி எடுக்கலாமோ?"

"ஓம் அம்மா. பூத்து முடிஞ்சு இலை காய்ஞ்ச பிறகு எடுக்கலாம்."

"அப்ப போகேக்க ஊருக்குக் கொண்டு போகலாம்."

தாவரத் தடுப்புக்காப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. "கொண்டுபோனாலும் அங்க பூக்காது அம்மா. இதுக்கு மூண்டு நாலு மாதக் குளிர் வேணும்" என்றேன். அம்மா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "இந்தக் குளிர் ஆருக்காவது உதவுதெண்டால் நல்லதுதானே" என்றார். அதன்பின் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு எங்களோடு வளவுக்கு வந்தார்.

நாங்கள் எவற்றை நட்டோம் என்பதையும் ஏன் நட்டோம் என்பதையும் முறையாகச் சொல்கிறேன். உங்கள் உறவினர் யாருக்கேனும் பயன்படும்.

நிலத்தைத்தான் முதலில் பார்த்தோம். பனி உருகி நீர் தேங்குகின்ற பள்ளத்தை ஒதுக்கினோம். ஈரத்திலே கிழங்கு அழுகிவிடும். தெற்கு நோக்கிய சுவரோரம் மற்ற இடங்களை விட முந்திச் சூடேறும். அங்கே பூ முந்தி வரும். பக்கத்திலே ஒரு மேப்பிள் மரம் நின்றது. அதன் நிழலுக்கு அஞ்சத் தேவையில்லை. மேப்பிள் தளிர்க்கும் முன்னரே முந்திப் பூப்பவை பூத்துவிடும்.

முதலாவது ஸ்னோட்ரொப். வெண்ணிறமான, தலை கவிழ்ந்த, மிகச் சிறிய பூ. மார்ச் மாதத்திலே, பனி முழுவதும் கரையுமுன்னரே தலைகாட்டும். கடையிலே பார்த்தால் கண்ணில் படாத கிழங்கு. ஆயினும் யன்னலோரத்தில் இருக்கும் முதியவருக்குப் பனிக்காலம் முடிகிறது என்ற சேதியை முதலில் சொல்வது அதுவே. ஆகையினால் அதைச் சுவரோரம் யன்னலுக்குக் கிட்ட வைத்தோம்.

இரண்டாவது குரோக்கஸ். மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் ஊதா, மஞ்சள், வெள்ளை நிறங்களில் நிலத்தோடு ஒட்டிப் பூக்கும். இந்தப் பெயர் நமக்குப் புதியதாயினும் இனம் பழக்கமானது. பாலிலும் பாயசத்திலும் இடுகின்ற குங்குமப்பூ, குரோக்கஸ் இனங்களுள் ஒன்றின் சூல்முடியே. ஆனால் குங்குமப்பூச் செடி இலையுதிர்காலத்திலே பூப்பது. கடையிலே பெயர் மயங்கி அதை வசந்தத்துக்கென்று வாங்கிவிடக்கூடாது. குரோக்கசோடு சேர்த்து நீலநிறச் சில்லாவையும் வைத்தோம். அது தானாகவே பரவிப் பெருகும்.

மூன்றாவது டஃபடில். எங்கள் தலைமுறையிலும் அதற்கு முந்திய தலைமுறையிலும் ஆங்கிலப் பாடத்திலே வேர்ட்ஸ்வேர்த்தின் கவிதையை மனனம் செய்யாதவர் குறைவு. பூவைக் காணாமலே பூவின் கவிதையைப் படித்தோம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி அல்ஸ்வோட்டர் ஏரிக்கரையிலே கவிஞரும் அவர் தங்கை டொரதியும் கண்ட பூக்கள் அவை. தங்கை அதை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அண்ணனின் கவிதை 1807இல் நூலில் வெளிவந்தது. அவர்கள் கண்டது காட்டு டஃபடில். இன்று கடைகளில் விற்கும் பெரிய கலப்பினங்களை விடச் சிறியது. டஃபடிலைத் தெரிந்தெடுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன் கிழங்கிலே நச்சுச் சத்து இருப்பதனால் அணில் தொடாது. ரொறன்ரோவின் அணில் எங்கள் முதுகுவரி அணில் அன்று. கறுப்பாகவோ சாம்பலாகவோ பூனைக்குட்டி அளவில் இருக்கும். ரியூலிப்பையும் குரோக்கசையும் கிண்டித் தின்றுவிடும். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையை மண்ணின் மேலே விரித்தால் ஓரளவு தடுக்கலாம். டஃபடிலுக்கு அது வேண்டியதில்லை. ஒருமுறை வைத்தால் பல ஆண்டுகள் பெருகிப் பூக்கும். ஆனால் வெங்காயத்தைப் போலத் தோன்றுவதனால், சிறுவர் உள்ள வீட்டிலே அதை அடுக்களைப் பக்கம் வைக்கக் கூடாது.

நான்காவது ரியூலிப். அதன் அழகைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் பெரிய பூத்தரும் கலப்பினங்கள் முதலாண்டு சிறப்பாகவும், அடுத்த ஆண்டுகளில் குறைந்தும் பூக்கும். ஆண்டுதோறும் வரவேண்டுமானால் மலைநாட்டுக் காட்டினங்களைத் தெரிய வேண்டும். அவை உருவிலே சிறியன, ஆயுளிலே பெரியன. டார்வின் கலப்பினம் என்று பெயரிட்டவையும் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும்.

ஐந்தாவது அலியம். இது வெங்காயத்தின் நேர் உறவு. மே இறுதியிலும் யூனிலும் நீண்ட தண்டின் நுனியிலே ஊதாநிறப் பந்துபோலப் பூக்கும். அம்மாவுக்கு இதை வாங்காமல் வர மனமில்லை.

ஆழத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம். குரோக்கசுக்கு ஏழெட்டு சென்ரிமீற்றர், டஃபடிலுக்கும் ரியூலிப்புக்கும் 15 சென்ரிமீற்றருக்குக் குறையாமல். கூர் மேலே இருக்க வேண்டும். பூ முடிந்தபின் பூந்தலையை மட்டும் கிள்ளிவிட்டு, இலையைத் தானாக மஞ்சளாகும்வரை விட்டுவிட வேண்டும். ஏறத்தாழ ஆறு கிழமை செல்லும். அலங்கோலமாக இருக்கிறது என்று அயலவர் வெட்டச் சொல்வர். வெட்டக்கூடாது. வெங்காயத் தாள் சாயுமுன்னர் கிண்டினால் காய் தேறாது என்பது எங்கள் தோட்டக்காரர் அறிந்தது. இங்கும் அதே நியாயந்தான். அந்த இலைதான் அடுத்த ஆண்டுப் பூவுக்குச் சோறு போடுகிறது.

நேயர்களே, ரியூலிப்பின் பயணத்தைச் சற்று நோக்குவோம். மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளிலே காட்டுப் பூவாக இருந்தது அது. துருக்கியர் அதைத் தங்கள் தோட்டத்துப் பூவாக்கினர். 1593இல் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு வந்த குளூசியஸ் என்ற தாவரவியலாளர் அங்கே அதை நட்டார். அடுத்த ஆண்டு பூத்தது. நாற்பது ஆண்டுகளுக்குள்ளே ஒல்லாந்தர் அந்தக் கிழங்குக்குப் பைத்தியம் பிடித்து அலைந்தனர். தீச்சுடர்போலக் கோடுவிழுந்த பூவின் ஒரு கிழங்குக்கு ஒரு வீட்டின் விலையையும் பேசினர். 1637ஆம் ஆண்டு பெப்ரவரியிலே அந்தச் சந்தை சரிந்தது. அந்தக் கோடுகளுக்குக் காரணம் தாவரத்துக்கு வந்த நோய் என்பதை 1928இல் டொரதி கேய்லி என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் நிறுவினார். அது அசுவுணிப் பூச்சியால் பரவும் வைரசு என்பதும் தெரியவந்தது. நோய்க்கு விலைபேசிய மக்கள் அவர்கள். சந்தை சரிந்து இருபத்தொரு ஆண்டுகளின் பின், 1658இல், யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவர்களும் அதே ஒல்லாந்தரே.

ஆனால் ரியூலிப்பின் கதை அந்தப் பேராசையோடு முடிந்துவிடவில்லை. 1940 மே மாதத்திலே ஜேர்மனி நெதர்லாந்தைக் கைப்பற்றியது. இளவரசி யூலியானா தம் பிள்ளைகளோடு கனடாவின் ஒட்டாவா நகரிலே தஞ்சம் புகுந்தார். 1943 ஜனவரி 19ஆந் திகதி அங்கே ஒரு மருத்துவமனையில் அவருக்கு மகள் பிறந்தாள். பிறக்கும் பிள்ளை நெதர்லாந்துக் குடியுரிமை மட்டுமே பெறவேண்டும் என்பதற்காக, அந்தப் பிரசவ அறையைக் கனடா தனது நாட்டு எல்லைக்குப் புறம்பானதாகப் பிரகடனம் செய்தது. மகளுக்கு வைத்த பெயர் மார்கிறீத். அதுவும் ஒரு பூவின் பெயர்தான்.

அதே யுத்தத்தின் இறுதிப் பனிக்காலத்திலே, 1944-45இல், நெதர்லாந்து மக்கள் பட்டினியால் வாடினர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். எஞ்சியோர் ரியூலிப் கிழங்கை அவித்துத் தின்றனர். நடுவிலிருக்கும் மஞ்சள் குருத்து நஞ்சென்பதனால் அதை நீக்கிவிட்டுத் தின்னும்படி அறிவுறுத்தப்பட்டனர். பூ இருக்கின்ற இடம் அதுதான். அந்நாட்டை விடுவிப்பதிலே கனடியப் படைகள் முன்னின்றன. 1945இல் நெதர்லாந்து கனடாவுக்கு 100,000 ரியூலிப் கிழங்குகளை நன்றிக்கடனாக அனுப்பியது. அதன் பின்னும் ஆண்டுதோறும் அனுப்புவது வழக்கமாயிற்று. 1953இலிருந்து ஒட்டாவாவிலே ரியூலிப் விழா நடைபெறுகிறது. தஞ்சம் புகுந்த ஒரு தாய்க்கு இடம்கொடுத்த மண்ணிலே, பட்டினிக்கு உணவான கிழங்கு பூவாக நிற்கிறது. நாங்கள் நட்டுக்கொண்டிருந்தபோது இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். "அவ திரும்பிப் போனவவோ?" என்று கேட்டார். போனார் அம்மா, போய் 1948இல் அரசியும் ஆனார் என்றேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கிழங்கை எடுத்தார்.

நான் ஊர் திரும்பிய பின் வந்தது 2020. மார்ச் மாதத்திலே கொரோனாப் பெருந்தொற்றினால் ரொறன்ரோ அடைபட்டது. முதியோர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கோயில் இல்லை, விருந்தினர் இல்லை. பேரப்பிள்ளைகள்கூடக் கிட்ட வரவில்லை. அந்த வசந்தத்திலே அம்மாவிடம் இருந்தது அந்த யன்னல் ஒன்றுதான். தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், எந்தப் பாத்தியில் எது வந்தது, எதை அணில் கிண்டியது என்றே சொல்வார். ஒட்டாவாவின் விழாவிலும் அவ்வாண்டு மக்கள் கூடவில்லை. கூட்டம் இல்லாமலே பூக்கள் பூத்து முடிந்தன. அந்த யூன் மாதத்திலே, ரியூலிப் கிழங்குகளைக் கிண்டி எடுத்துவைக்கட்டுமா என்று அக்கா கேட்டிருக்கிறார். "எதுக்கு? கிடக்கட்டும், பெருகட்டும்" என்றாராம் அம்மா. அதற்கடுத்த ஆண்டு அதே வளவிலே கத்தரியும் வெண்டியும் வைத்தார்.

இதை நான் துன்பம் தீர்ந்த கதையாகச் சொல்லவில்லை. ஊருக்கு வரவேண்டும் என்ற எண்ணம் அம்மாவுக்கு இன்றும் மாறவில்லை. மாறவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால், போகும் எண்ணம் இருக்கும்போதே நடவும் செய்யலாம் என்பதை அந்தக் கிழங்குகள் அவருக்கு இசைவாக்கின.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குறிஞ்சி நிலத்தின் பூவாகச் சங்கப் புலவர் போற்றிய காந்தளும் கிழங்கிலிருந்து எழுவதே. எங்கள் வேலியோரங்களிலே கார்த்திகைப் பூ என்று சொல்கிறோம். கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கி, மழை கண்டு முளைத்து, இலைநுனியாலே வேலியைப் பற்றி ஏறி, கார்த்திகையிலே சுடராய் விரியும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. பூவைக் கண்ணால் மட்டும் அனுபவிக்க வேண்டும். ரொறன்ரோவின் உறைந்த மண்ணிலே அதை விட்டுவைத்தால் செத்துவிடும். பனிக்கு முன் கிண்டி எடுத்து வீட்டுக்குள்ளே வைத்துக் காக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். அங்கே அக்கா வீட்டு வளவிலே கிழங்குகள் மண்ணுக்குள் போய்ப் படுக்கின்ற அதே கூதிர்ப் பொழுதிலேதான் இங்கே வேலியிலே காந்தள் மலர்கிறது. கிழங்கை எங்கும் கொண்டுபோகலாம். அதற்குரிய பொழுதைக் கொண்டுபோக முடியாது. காந்தளுக்கு மழை, ரியூலிப்புக்குக் குளிர். தெரிந்தெடுப்பவர் இதை மறக்கக்கூடாது.

ஆனால் தொல்காப்பியர் இதோடு நின்றுவிடவில்லை. ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் இன்னொரு நிலத்திலே வந்து காணப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்வியையும் அவர் எண்ணியிருக்கிறார். தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வராவிட்டாலும், அவை வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்று அகத்திணையியலில் விதி செய்தார். வகுப்பறையிலே இந்த நூற்பாவைப் பல வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். திணைமயக்கத்துக்கு ஒரு விதிவிலக்கு என்று சொல்லிக் கடந்து போவதே வழக்கம். இப்பொழுது அந்த இடத்திலே சற்று நின்று படிப்பிக்கிறேன். வகுப்பிலே இருக்கும் பிள்ளைகளில் அரைவாசிப் பேருக்கு வெளிநாட்டிலே மாமனோ சித்தியோ இருக்கிறார்கள். நூற்பாவை விளங்கிக்கொள்ள அவர்களுக்கு உரை வேண்டியதில்லை.

மத்திய ஆசியாவின் பூவை இன்று எவரும் அந்நியப் பூ என்று சொல்வதில்லை. துருக்கியில் அது துருக்கியின் பூ. நெதர்லாந்தில் அந்நாட்டுப் பூ. ஒட்டாவாவில் கனடாவின் பூ. எங்கள் செம்மண்ணிலே விளையும் மிளகாயும் புகையிலையும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். அவற்றை வந்தவை என்று யார் சொல்கிறார்கள்?

ஆகவே நேயர்களே, வருகின்ற ஐப்பசியிலே உங்கள் சகோதரியோ பிள்ளையோ தொலைபேசி எடுத்து, வீட்டு வாசலிலே என்ன வைப்பது என்று கேட்டால், வெயில் எங்கே விழுகிறது, நீர் எங்கே தேங்குகிறது என்பதை முதலிலே கேளுங்கள். வீட்டிலே யன்னலோரம் இருப்பவர் யார் என்பதையும் கேளுங்கள். முந்திப் பூப்பதைக் கிட்ட வைக்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் வருவதைக் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். கிழங்கை அமத்திப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டிலே ஒரு தாய் இருந்தால், தெரிந்தெடுக்கும் வேலையை அவரிடமே கொடுக்கச் சொல்லுங்கள்.